கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு

வீரமுத்துவுக்குப் படிப்பு கிடையாது. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை உட்கார்ந்து எழுந்தார், அவ்வளவுதான். தன் பேரை எழுதுவார், பஸ் நம்பரைப் படிப்பார். அதற்கு மேல் தாளில் இருக்கும் எதையும் அவர் நம்பியதில்லை. எழுதுகிறவன் எதை வேண்டுமானாலும் எழுதுவான். எதிரே நிற்கிற தலையை எண்ணினால் மட்டும் அது ஏறாது, குறையாது.

இந்தப் புத்தி அவருக்குப் பெரட்டுக் களத்தில் வந்தது. மலேசியாவில் தம்பினிலிருந்து கெமிஞ்சே போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை, அப்போது ரப்பர் பால்மரம். விடிகிற நேரத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிட்டுக் கணக்கு எழுதுகிற கிராணி வெள்ளைச் சட்டைக்காரன், எப்போதும் சிரித்த முகம். ஊரை விட்டுப் போனவன், செத்துப் புதைத்தவன், எல்லாரையும் வேலைக்கு வந்ததாகச் சேர்த்து, அவர்கள் சம்பளத்தை எடுத்துக்கொண்டிருந்தான் அந்தப் படுபாவி. அவன் மாட்டிய அன்றைக்குத் துரை முதலில் பிடித்துக் கத்தியது வரிசைக்கு ஒருவராக ஆள் மேய்க்கிற மண்டோர்களைத்தான். "உன் வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று உனக்கே தெரியாதா?" அன்றிலிருந்து மண்டோர் வீரமுத்து எண்ணாமல் ஆளை நகரவிட்டதில்லை. வயதாகி அந்த வேலை போய், இப்போது தோட்டத்து வாசலில் ஜாகா. உள்ளே போகிற லாரியை எண்ணுவார், வெளியே வருகிற லாரியை எண்ணுவார். காவல்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேலை.

வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. கடைக்குட்டி புனிதா பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் போன பிறகு அதுவும் கிடைத்தது.

ஒருநாள் சாயந்தரம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நடுவில் ஓர் எழுத்து, சுற்றிலும் வேறு எழுத்துகள், இடையில் கோடுகள், ஓரமெல்லாம் புள்ளிகள்.

"ப்பா, இந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு அணு. சுத்தி இருக்கிற புள்ளி எலெக்ட்ரான். ஒவ்வொரு அணுவைச் சுத்தியும் எட்டு இருக்கணும். நான் அவசரத்துல ஒண்ணு ரெண்டை விட்டுடறேன். நீங்க எண்ணிச் சொல்லுங்களேன்."

"புள்ளி சரி. கோடு எதுக்கு?"

"ஒரு கோடு ரெண்டு புள்ளிக்குச் சமம். ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிறது. அதனால ரெண்டு பக்கத்துக் கணக்குலயும் வரும்."

"இந்த எச்சுக்கு ரெண்டுதான் இருக்கு."

"அது ஹைட்ரஜன். குட்டிப் பய. அதுக்கு ரெண்டு போதும்."

வீரமுத்துவுக்கு அது பிடித்துப்போயிற்று. மகள் படிக்கிற படிப்பில் அவருக்குள் நுழைந்த ஒரே சங்கதி அதுதான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"நைட்ரஜன் எட்டு, சரி. இந்த வட்டத்துக்காரன் ஏழு. ஒருத்தன் வரல."

புனிதா சிரித்துக்கொண்டே விட்டுப்போன புள்ளியை வைப்பாள்.

"பெத்த பொண்ணுக்கே பெரட்டு எடுக்கிறாரு பாரு," என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். மனைவி செல்லத்தின் வாய் அது. ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

ஆனால் அந்த வீட்டில் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. புனிதாவுக்கு மருந்து சம்பந்தப்பட்ட படிப்பு வேண்டும். அதற்குக் கெமிஸ்ட்ரி வேண்டும். மற்ற பாடமெல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. வகுப்புச் சோதனைகளில் விழுந்து விழுந்து எழுந்தாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தவணைப் பரீட்சையில கெமிஸ்ட்ரி போச்சுன்னா நான் நின்னுடறேன்ப்பா. நீலாய்ல ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். நம்ம லயத்து வீட்டுப் புள்ளைங்க போற வேன்லயே போயிக்கலாம்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் வீரமுத்து அதட்டியிருப்பார். உப்புக் குறைகிறது என்பது போலச் சொன்னாள். அதனால் அதட்ட முடியவில்லை. அவருடைய மூத்த பிள்ளைகள் மூவரும் அந்த வேனில்தான் போனார்கள்.

தம்பினில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அமிர்தலிங்கம் என்கிற இளவட்டம் கெமிஸ்ட்ரி டியூஷன் நடத்தினான். சிநேகிதிகளோடு புனிதாவும் சேர்ந்தாள். வீரமுத்து அவனை ஒருமுறை தூரத்தில் பார்த்திருந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். அவனை நம்பாமல் இருக்க அவருக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடத்து ஒத்திகைச் சோதனைக்கு முந்தின நாள் அந்தப் படம் வந்தது. நடுவில் ஒரு எஸ். அதைச் சுற்றி ஆறு எஃப். ஆறு கோடு. வீரமுத்து எண்ணினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் எண்ணினார்.

"இது தப்பு. நடுவுல பன்னண்டு நிக்குது."

"அது சரிதான்ப்பா. அது சல்பர். அதுக்கு எட்டுக்கு மேல வரலாம்."

"சல்பர்னா?"

"கந்தகம்."

வீரமுத்துவுக்குக் கந்தகத்தைத் தெரியும். பால்மரத்து இலையில் நோய் வந்தால் மிஷினை முதுகில் கட்டிக்கொண்டு மஞ்சள் தூளை அடிப்பார்கள். கண் எரியும், மூக்கு எரியும், வீட்டுக்கு வந்தால் சோறுகூட நாறும்.

"எட்டுன்னு சொன்னே. இத்தனை நாளா எட்டு எட்டுன்னு எண்ண வெச்சே. இப்ப இவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

"அமிர்தலிங்கம் சார் சொன்னாரு, மூணாவது வரிசையில இருக்கிறதுக்கு ஆக்டெட் விரியலாமாம்."

"விரியுமாம் லா! அந்தக் கிராணியும் இப்படித்தான் விரிச்சான். எட்டுப் பேர் நிக்கிற எடத்துல பன்னண்டு பேர். மிச்சம் நாலு பேரு எவன்? எந்த வீட்டுக்காரன்? உங்க சார் சேர்த்த கள்ளப் பேரு. பரீட்சைத் தாளைத் திருத்துறவன் எண்ண மாட்டானா?"

"சார் அப்படியெல்லாம்..."

"பள்ளிக்கூடத்து டீச்சர் என்ன சொன்னாங்க முதல்ல?"

"எட்டுன்னுதான்..."

"அப்புறம் என்ன."

புனிதா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அந்தப் பாடம் அரைகுறையாகத்தான் ஏறியிருந்தது. எந்த அணுவுக்கு எட்டோடு நிற்கும், எதற்குத் தாண்டும் என்று அவளுக்குள்ளேயே குழப்பம். அப்பா எண்ணினால் தப்பாது என்பது மட்டும் இத்தனை நாளில் பழகிப்போயிருந்தது. ரப்பரை எடுத்துத் தேய்த்தாள்.

ஒத்திகைத் தாள் திரும்பி வந்த அன்று அவள் அதை அப்பாவுக்கு எதிரே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீரமுத்துவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு மை தெரியும். ஆறு எஃப் இருக்கவேண்டிய படத்தில் நான்கைக் கந்தகத்தோடு கோடு போட்டுச் சேர்த்து, இரண்டைத் தனியாக நிறுத்தியிருந்தாள். பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு. பாஸ்பரஸ் படத்தில் குளோரின் ஒன்றை வெளியே தள்ளியிருந்தாள். அதற்கும் குறுக்குக்கோடு.

தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பென்சிலை அழுத்தி எழுதுகிற பிள்ளை. தேய்த்த இடத்தில் தடம் அப்படியே இருந்தது. அந்த இரண்டு எஃப்பும் முதலில் கந்தகத்தோடுதான் நின்றிருந்தன. கோட்டுக்கு இரண்டாக எண்ணினார். பன்னிரண்டு சரியாக இருந்தது. சரியாக எழுதி, பிறகு தேய்த்திருக்கிறாள்.

"என்னா பாக்கிறீங்க?" செல்லம் வந்து நின்றாள். "வாத்தியார் சொன்னதைக் கேட்டு எழுதுன புள்ளைய, நீங்க போயி... ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை? கேட்ல லாரியை எண்ணுங்க, போதும்."

அதைவிட மோசமான ஒன்றை அடுத்த இரண்டு நாளில் பார்த்தார். புனிதா இப்போது எதையும் முடிப்பதில்லை. எட்டு போடுவாள், தேய்ப்பாள். பத்து போடுவாள், தேய்ப்பாள். சாதாரணத் தண்ணீர் படத்தைக்கூடப் போட்டுத் தேய்த்துத் தாளைக் கிழித்துவிட்டாள். மேசையெல்லாம் ரப்பர்த் தூள். அவர் பக்கத்தில் போனால் தாளைக் கவிழ்த்து வைத்தாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு பரீட்சையில் உட்கார்ந்தால் வெள்ளைத் தாளைத்தான் கொடுத்துவிட்டு வருவாள் என்று அவருக்குத் தெரிந்தது. நீலாய் வேன் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

யார் பொய்க்காரன் என்று தெரிந்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பினுக்குப் போனார்.

மாடிப்படியில் பிள்ளைகளின் செருப்புகள் கிடந்தன. பழக்கதோஷம், ஏறும்போதே எண்ணினார். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினார். அமிர்தலிங்கம் வெளியே வந்தான்.

"நான் புனிதாவோட அப்பன்."

"வாங்க ஐயா, உள்ள வாங்க."

"உள்ள வேணாம். வாத்தியாரே, ஒரே கேள்வி. எட்டா, பன்னண்டா?"

அமிர்தலிங்கத்துக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் சிரித்தான். வீரமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"ரெண்டும்தான் ஐயா. நைட்ரஜன், ஆக்ஸிஜன் மாதிரி ரெண்டாவது வரிசைக்காரங்க எட்டைத் தாண்ட மாட்டாங்க. சல்பர், பாஸ்பரஸ் மூணாவது வரிசை. தாண்டலாம்."

"அப்ப எல்லாத்துக்கும் எட்டுன்னு சொன்னது பொய்."

"பொய் இல்ல. ஆரம்பத்துல பிள்ளைங்க பயந்துடுவாங்கன்னு..."

"பயந்துடுவாங்கன்னு சொன்னாலும் பொய் பொய்தான். இப்ப பயந்துபோய் உக்காந்திருக்கா பாரு. கூட நிக்கிற நாலு பேரு யாரு? எங்க இருந்து வந்தான்?"

"இருங்க, போர்டுல எழுதிக் காட்டறேன்."

"எழுதாதே. எழுத்துல எதை வேணும்னாலும் எழுதலாம்."

அமிர்தலிங்கம் கீழே பார்த்தான். படிக்கட்டின் மேல்தளத்தில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்க ஆரம்பித்தான்.

"செருப்பை வெச்சா பாடம் நடத்தப் போறே?"

"எழுத வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. பாருங்க ஐயா. சல்பர்கிட்ட சொந்தமா ஆறு இருக்கு. இந்த ஆறு கறுப்புச் செருப்பும் அவனோடது. ஃப்ளோரின் ஒவ்வொருத்தன்கிட்டயும் ஏழு. எட்டாக ஒண்ணு குறையுது. அதனால ஒவ்வொருத்தனும் ஒரு செருப்பைக் கொண்டாந்து சல்பரோட ஒண்ணுக்குப் பக்கத்துல போடறான். ஜோடி. வந்தவனுக்கு எட்டு ஆயிடுச்சு. அப்படி ஆறு பேர் வர்றாங்க."

கறுப்புக்குப் பக்கத்தில் வேறு நிறம், கறுப்புக்குப் பக்கத்தில் வேறு நிறம் என்று ஆறு ஜோடி அமைந்தது. வீரமுத்து குனிந்து எண்ணினார். பன்னிரண்டு. ஆறு கந்தகத்தின் வீட்டுச் செருப்பு. மற்ற ஆறும் ஆளுக்கு ஒன்றாக வந்தவர்கள் போட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொந்தக்காரன் இல்லாத செருப்பு ஒன்றுகூட இல்லை.

அவர் நிமிரவில்லை. இத்தனை நாளும் நடுவில் எத்தனை நிற்கிறது என்றுதான் எண்ணினார். யார் எங்கிருந்து வந்தான் என்று எண்ணவே இல்லை. கிராணியைப் பிடித்ததுகூட அப்படித்தானே? லயத்துக்குப் போய், வீடு வீடாகக் கேட்டுத்தானே பிடித்தார்கள்.

"சரி. நைட்ரஜன் ஏன் இப்படிச் சேத்துக்க முடியாது? அவனும் அஞ்சு வெச்சிருக்கான்னு எம்மவ சொன்னா."

அமிர்தலிங்கம் கீழ்ப்படியைக் காட்டினான். ஒடுக்கமான படி. "அவன் படி சின்னது. நாலு ஜோடிக்கு மேல கொள்ளாது. சல்பரோடது இந்த மேல்தளம் மாதிரி."

"அது ஏன் பெருசு?"

"புத்தகத்துல ஒரு காரணம் இருக்கு, டி ஆர்பிட்டால்னு. பரீட்சைக்கு அதைத்தான் எழுதணும். ஆனா இன்னும் மேல படிச்சவங்க அதை முழுசா ஒத்துக்கிறது இல்ல, வேற மாதிரி சொல்றாங்க."

"அப்ப இதுவும் சந்தேகம்."

"காரணம்தான் சந்தேகம். கந்தகத்தோட ஆறு பேர் சேர்ந்து நிக்கிறது நிஜம். அந்தப் பொருள் இருக்கு."

"நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல ஐயா. எலெக்ட்ரானை யாரும் இப்படிக் கண்ணால பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

வீரமுத்து அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதவனை அவர் வாழ்நாளில் அதிகம் கண்டதில்லை. "செருப்பை எடுத்து அதது எடத்துல போடு தம்பி, புள்ளைங்க தேடும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். புனிதாவின் கதவருகே நின்றார்.

"பாப்பா, அந்தப் பன்னண்டு..."

"ப்பா, விடுங்க லா! தயவுசெஞ்சு விடுங்க. எட்டுன்னீங்க, எட்டு போட்டேன். இப்ப வந்து பன்னண்டுங்கிறீங்களா? நாளைக்கு வேற சொல்வீங்க. எனக்கு எதைப் பாத்தாலும் தப்பாத் தெரியுது."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ரப்பர் தேய்கிற சத்தம் கேட்டது.

பரீட்சை நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது மேசையில் பென்சில் பை திறந்து கிடந்தது. வீரமுத்து ரப்பரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அது இல்லாவிட்டால் அவள் கை சும்மா இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு புனிதா வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். சாலை நெடுகச் செம்பனை. எத்தனையோ வருஷம் வாளி வாளியாக ரப்பர் பால் தூக்கிய ஆளுக்கு அந்தத் துண்டு ரப்பர் நெஞ்சில் கல்லாகக் கனத்தது. கொடுக்காவிட்டால்? நிஜமாகவே தப்பாக ஒன்றை எழுதி, அழிக்க முடியாமல் தவித்தால்? வாத்தியாரை நம்பாமல் ஒருமுறை கெடுத்தாயிற்று. இப்போது பிள்ளையை நம்பாமல் இன்னொருமுறை. 

பள்ளி வாசலில் இறங்கியதும் அவள் பையைத் திறந்தாள். உள்ளே விரலை விட்டுத் துழாவினாள்.

"ப்பா. ரப்பர் காணோம். ப்பா, ரப்பர்!"

வீரமுத்து சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"நீங்களா எடுத்தீங்க?"

"நான்தான்."

"ஏன்ப்பா?"

"பயந்து எடுத்தேன். தப்பு. புடி."

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. கோபமா பயமா என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினாள். எஸ், சுற்றிலும் எஃப்.

"எண்ணுங்கப்பா. ஒரே ஒரு தடவை. சரியான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கை தாளுக்கு நீண்டது. பாதி வழியில் நின்றது. சரி என்று சொன்னால் இதற்குச் சரி. உள்ளே வேறு படம் வந்தால் எவன் சரி சொல்வான்?

"எண்ண மாட்டேன்."

"ப்பா!"

"நடுவுல நிக்கிறதை மட்டும் எண்ணிட்டு ஒன்னைக் கெடுத்தது நான். எவன் எந்த வீட்டுல இருந்து வந்தான்னு நான் கேக்கல. எனக்குத் தெரியாது பாப்பா. நீதான் படிச்சே. நீ எண்ணு."

அவள் அவரை முறைத்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஆறு, என்றாள். அப்புறம் ஒவ்வொரு எஃப்பாக விரலால் தொட்டாள். மணி அடித்தது. தாளைக் கசக்கி அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக் கடையில் பால் கலக்காத தேநீர், ஒரு தே-ஓ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது ஆறியது. சாலையில் லாரிகள் போயின. எண்ண ஆரம்பித்தார், எண்ணிக்கை நினைவில் நிற்கவில்லை. உள்ளே அவள் தேய்த்துக்கொண்டிருப்பாளோ, தாள் கிழிந்திருக்குமோ என்று மனசு ஓடியது. கடைக்காரர் வந்து ஈ மொய்த்த தே-ஓவை எடுத்துப் போனார்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி அழுதாள். புனிதா கடைசியாக வந்தாள். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மோட்டாரைக் கிளப்பினார்.

சிவப்பு விளக்கில் நின்றபோது காதருகே அவள் குரல் வந்தது.

"கந்தகம் வரல."

"ஆ."

"பாஸ்பரஸ் வந்துச்சு. அஞ்சு குளோரின். நைட்ரஜனுக்கு ஏன் அப்படி முடியாதுன்னும் கேட்டிருந்தான்."

"ம்."

"பாஸ்பரஸைச் சுத்திப் பத்து போட்டேன். போட்டதுமே கை ரப்பருக்குப் போயிடுச்சுப்பா. ரப்பரைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் எண்ணினேன். அஞ்சு அதோடது. அஞ்சு வந்தவங்களோடது. எல்லாத்துக்கும் ஆள் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அழிக்கல."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"மத்த கேள்வியெல்லாம்?" என்று கேட்டார் வீரமுத்து.

"தெரியலப்பா. ரெண்டு கேள்வி சுத்தமாத் தெரியல. பாஸாவேனா இல்லையான்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. பாஸாவாள் என்று நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வீடு வரும்வரை மோட்டாரை மெதுவாகவே ஓட்டினார்.